காலாவதியின் நிரந்தர விலாசம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நீண்டு கிடக்கிற எங்கள் கரையில், பயப்படுவதையே முழுநேர உத்தியோகமாகப் பார்த்தவன் ஒருத்தன்தான். நாங்களெல்லாம் ஓய்வு நேரத்தில் பயந்தவர்கள். அவன் சுபஹுத் தொழுகைக்கு எழும்பும்போதே பயத்தோடு எழும்புவான், இரவில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பான்.

அதற்காகக் கோழை என்று சொல்லிவிட முடியாது. வாடைக் காலத்துக் கடலில் வாப்பாவோடு தோணி தள்ளியவன். வயல் காவலில் யானை வந்தபோது மற்றவர்கள் பரணில் ஏறிக்கொள்ள, கீழே நின்று தகரம் தட்டியவன். அவன் பயந்தது ஒரே ஒரு சாமானுக்கு. றப்பர் சீலுக்கு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்காது. எங்கள் வாப்பாமார் காலத்தில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்குவது, கல்முனையில் பஸ் ஏறி அக்கரைப்பற்றில் இறங்குவது மாதிரித்தான். டிக்கற் இருந்தால் போதும். நாங்கள் படிக்கப் போன ஐம்பதுகளில் பார்த்தால் இரண்டு கரையும் இரண்டு நாடாகியிருந்தன. பாஸ்போட் வேண்டும், அதில் விசா வேண்டும். சென்னையில் தங்கிப் படிக்கத் தனியாக ஒரு பெர்மிற்று வேண்டும். அதை வருடா வருடம் நீடிக்க வேண்டும். லீவுக்கு ஊருக்கு வந்தால், இந்தத் திகதிக்குள் திரும்பி வருவேன் என்று அதிலே எழுதி வாங்கிக்கொண்டு வரவேண்டும். திகதி தாண்டினால் படிப்பும் போச்சு, பட்டமும் போச்சு, ஊரில் உம்மாமார் சொல்லித் திரிந்த பெருமையும் போச்சு.

உம்மாவும் வாப்பாவும் அவனுக்கு அழகான பெயர்தான் வைத்திருந்தார்கள். அந்தப் பெயர் பாஸ்போட்டுக்குள்ளேயே கிடந்தது. ஊரில் அவன் காலாவதி. எதைக் கண்டாலும் "இது எப்ப காலாவதி?" என்று கேட்டதால் வந்த பெயர். கல்முனை ஆஸ்பத்திரியில் இருமல் மருந்து கொடுத்தாலும் கேட்பான், சைக்கிளை வாடகைக்கு எடுத்தாலும் கேட்பான். ஒருமுறை என் உம்மா ஆசையோடு வட்டிலாப்பம் வைத்துக் கொடுத்தபோதும் கேட்டுவிட்டான். "இவனுக்கு இனித் தண்ணிகூடக் குடுக்காத" என்று உம்மா உள்ளே போய்விட்டார்.

அவனுடைய படக் கதையையும் சொல்லவேண்டும். பாஸ்போட்டுக்கு நாங்கள் இருவரும் கல்முனை பசாரில் ஒரு ஸ்ரூடியோவில்தான் படம் பிடித்தோம். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, "ஆடாம இரிங்க தம்பி" என்று சொல்லி முடிக்கவும், வெளியே றோட்டில் பஸ் ஒன்றின் டயர் வெடிக்கவும் சரியாக இருந்தது. படத்தில் காலாவதியின் இரண்டு புருவமும் நெற்றி நடுவில் நின்றன, வாய் பாதி திறந்திருந்தது. இன்னொரு படம் பிடிக்க நேரமில்லை, அதையே ஒட்டி அனுப்பினோம்.

வேறு யாராக இருந்தாலும் அதோடு மறந்திருப்பார்கள். காலாவதி மறக்கவில்லை. படத்தில் இருக்கிற ஆளும் தானும் ஒன்றில்லை என்று யாராவது சொல்லிவிட்டால்? அன்றிலிருந்து காக்கிச் சட்டையைக் கண்டாலே புருவத்தைத் தூக்கி வாயைப் பாதி திறந்து நின்றுவிடுவான். தபால்காரருக்கும் அதே முகம், பஸ் கொண்டக்டருக்கும் அதே முகம். "உன்ட கூட்டாளிக்கு மூளையில ஏதும் கோளாறா?" என்று கல்முனைப் பொலிஸ்காரர் ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டிருக்கிறார்.

சென்னையில் எங்கள் ஹொஸ்ரலில் அவனுடைய கட்டிலுக்கு மேலே ஓடு ஒழுகியது. கட்டிலை இழுத்துக் கதவுப் பக்கம் போட்டோம். மறுநாள் காலையில் அவனைக் காணவில்லை. தேடிப்போனால் பொலிஸ் ஸ்ரேசனில் நிற்கிறான், இருப்பிடம் மாறியதை அறிவிக்க. ஏட்டையா நெடுநேரம் அவனைப் பார்த்துவிட்டு, "ஒரே ரூம்ல கட்டிலை நகர்த்தினதுக்காய்யா இவ்வளவு தூரம் வந்தே?" என்று கேட்டார். இவன் புருவத்தைத் தூக்கிக்கொண்டு, "எழுதிக்கொண்டா நல்லம் ஐயா" என்றான். அவரும் பாவம், எழுதிக்கொண்டார்.

நாங்கள் சிரித்தோம், ஹொஸ்ரல் முழுக்கச் சிரித்தது. நான் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திக்கொண்டேன். அவன் எதைக் கண்டு பயந்தானோ அதை நானும் கண்டிருந்தேன்.

நாங்கள் முதல்முறை தனுஷ்கோடியில் இறங்கிய அன்று, கடதாசி பார்க்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீளமான வாங்கு கிடந்தது. அதில் எங்கள் கரையிலுள்ள கோமாரிப் பக்கத்துப் பையன் ஒருவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு மூத்தவன், கடைசி வருடப் படிப்பு. பெர்மிற்றில் ஏதோ சரியில்லை என்று திரும்பிப் போகிற கப்பலுக்காக இருத்தி வைத்திருந்தார்கள். அவன் சத்தம் போட்டு அழவில்லை. தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பான், திரும்பப் போட்டுக்கொள்வான், கொஞ்ச நேரத்தில் திரும்பக் கழற்றுவான். அதற்குப் பிறகு அவன் படிக்கப் போகவே இல்லை. ஊரில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். பொத்துவில் பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் காலாவதி கண்ணை மூடிக்கொள்வான்.

"அந்த வாங்கில நானும் ஒருநாளைக்கு இரிப்பன் மச்சான்" என்பான். "எனக்குத் தெரியும்."

"வாய மூடு" என்பேன். சொல்லிவிட்டு என் பெர்மிற்றின் திகதியை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

கடைசி வருடத்துக்கு முந்திய லீவில் வந்தது வினை. ஊருக்கு வந்து இறங்கினால் இவனுக்குக் கலியாண நாள் குறித்து வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளையிடம் கேட்கிற வழக்கமெல்லாம் அப்போது இல்லை. பெண் யாரென்றால் என் உம்மாவின் தங்கையான சாச்சியின் மகள் ஹாஜறா. எனக்குத் தங்கச்சி முறை, என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். சின்ன வயதிலிருந்து என்னைக் கேள்வி கேட்டே கொன்றவள். இரண்டு பேரையும் எனக்குத் தெரியுமென்பதால் நான் சந்தோசப்பட்டேன். காலாவதி என்னைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"மச்சான், கலியாணம் முடிச்சா என்ட விலாசம் மாறிடுமே!"

எங்கள் கரையின் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எங்களில் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளை உம்மாவின் வீட்டில் பிறப்பான், கலியாணம் முடித்தால் பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். அவனுக்கென்று ஒரு கதவு எங்கேயும் கிடையாது. மகளுக்குக் கலியாணம் என்றால், இருக்கிற வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு உம்மாவும் வாப்பாவும் வேறிடத்துக்கு எழும்பிப் போய்விடுவார்கள். இதில் ஒரு அதிசயம் இருக்கிறதென்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. காலாவதி நினைத்தான். பெர்மிற்றில் 'ஊரிலுள்ள நிரந்தர விலாசம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் அவனுடைய உம்மாவின் வீடு இருந்தது. அதற்குப் பக்கத்தில் 'விவாகமாகாதவர்' என்றும் இருந்தது.

"அப்ப மாறிட்டெண்டு அறிவி" என்றேன்.

"அறிவிச்சா கடதாசி கொழும்புக்குப் போய், அங்கரிந்து எங்கெல்லாமோ போய் வர மாசக்கணக்காகும். அதுக்குள்ள திரும்பிப் போற திகதி தாண்டிடும். அறிவிக்காமப் போனா பொய்க் கடதாசி. ரெண்டுக்கும் அந்த வாங்குதான் மச்சான்."

இப்படியொரு விதி உண்மையிலேயே இருந்ததா, அல்லது அவனுடைய தலைக்குள் மட்டும் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. அன்றைக்கு அந்த மணலில் நின்று கேட்டபோது எனக்கும் அது சட்டமாகத்தான் தெரிந்தது.

நிக்காஹ் நடந்தது. லெப்பை ஓதி முடித்துக் கையெழுத்துக்காகக் கொப்பியை நீட்டினார். காலாவதி பேனையைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். பிறகு, சபை முழுக்கக் கேட்க, "இது எப்ப காலாவதி, லெப்ப?" என்றான்.

சாப்பாட்டுச் சகன் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். லெப்பைக்கு வயது போய்விட்டது, ஆனாலும் நல்ல மனுசன். "மௌத்து வரைக்கும், மனே. உசிர் இரிக்கும் வரைக்கும்" என்றார்.

"புதுப்பிக்கத் தேவயில்ல?"

"இல்ல."

"இந்தக் கொப்பி இந்தியாவுக்குப் போகுமா?"

"அல்லாஹ்வுக்காகக் கையெழுத்த வைங்க மாப்புள! சோறு ஆறுது!"

கையெழுத்து வைத்தான். அடுத்த கலாட்டா பெண்வீட்டு வேலி வாசலில், கடப்படியில். மாப்பிள்ளை வரும்போது அவனுடைய றங்குப்பெட்டியும் கூட வரவேண்டும். அது வந்தால்தான் அவன் அந்த வீட்டு ஆள். ஹாஜறாவின் வாப்பா, அதாவது என் சாச்சப்பா, மருதமுனைப் புடவை வாங்கி ஊரூராகக் கொண்டுபோய் விற்கிறவர். அவர் மெதுவாகக் கதைத்தாலே சாய்ந்தமருது ஊர் முழுக்கக் கேட்கும்.

"மாப்புள, பெட்டி எங்க?"

"பெட்டி வராது மாமா."

"ஏன், பூட்டுத் துறபடல்லயா?"

"பெட்டி உம்மாட ஊட்ட இரிக்கட்டும் மாமா. நான் மட்டும் வந்து வந்து போறன்."

"வந்து வந்து போறதுக்கு நீங்க மாப்புளயா, மீன்காரனா?"

ஊர் சிரித்த சிரிப்பில் வேலிக் கிடுகு ஆடியது. ஆனால் அந்தப் பெட்டி அசையவில்லை. பெட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒருவன் குடியிருக்கிறான் என்பது காலாவதி கண்டுபிடித்த சட்டம். அந்த லீவு முழுக்க அவன் பொழுதுபட்டு மஹ்ரிபு தொழுத பிறகு மனைவி வீட்டுக்கு விருந்தாளி மாதிரிப் போவான், சுபஹு பாங்குக்கு எழும்பி உம்மா வீட்டுக்கு ஓடுவான். போகிற வழியில் தெரு நாய்கள் எல்லாம் அவனுக்குப் பழக்கமாகிவிட்டன. சாச்சப்பா என்னைக் கண்ட இடமெல்லாம் பிடித்துக்கொண்டார். "உன்ட கூட்டாளி என்ட புள்ளய உட்டுட்டுப் போகப் போறானாடா? உள்ளதச் செல்லு!" ஊரிலும் அப்படித்தான் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஒருநாள் ஹாஜறா என்னைக் கூப்பிட்டாள். "காக்கா, அவர்ட கடதாசில நான் இரிக்கனா?" என்று கேட்டாள்.

நான் சமாளித்துப் பார்த்தேன். "அது வெறும் கடதாசி புள்ள. படிப்பு முடியட்டும்..."

"நான் இரிக்கனா, இல்லயா?"

"இல்ல."

"அவர் பயந்தவரெண்டு எல்லாரும் சிரிக்கிறாங்க. எனக்கு அது பெரிசில்ல. சர்க்காருக்கு முன்னால நான் இல்லாத ஆளா இரிக்கனே, அதுதான் காக்கா வெக்கமா இரிக்கி." கண் கலங்கியதை எனக்குக் காட்டாமல் உள்ளே போய்விட்டாள். எனக்கு அவன்மீது கோபம் கோபமாக வந்தது.

அதே லீவில் என் மூத்த சகோதரி, ராத்தாவுக்கும் கலியாணம் நடந்தது. வழக்கப்படி எங்கள் வீடு ராத்தாவுக்குப் போனது. உம்மாவும் வாப்பாவும் சட்டிமுட்டியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீட்டுக்கு எழும்பிப் போனார்கள். நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போனேன். கலியாண வீட்டு அலைச்சலில் நான் வேறொன்றும் யோசிக்கவில்லை. புறப்படுகிற நாள் வந்தது. மகனின் படிப்புச் செலவு தன் பொறுப்பு என்று வாப்பா வருடா வருடம் ஒரு கடிதம் தரவேண்டும், அதில் சர்க்கார் அதிகாரி டி.ஆர்.ஓ.வின் கந்தோரில் சீல் வாங்கவேண்டும். வாப்பா நேர்மையான மனுசன். இருக்கிற இடத்தை எழுதிக் கொடுத்தார்.

கல்முனையில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் காலாவதி அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப் போனது.

"மச்சான், இதில கடற்கர ஊடு இரிக்கி. உன்ட பெர்மிற்றில ராத்தாட ஊடு இரிக்கி. எறங்கு! போய் மாத்தி எழுதிக்கொண்டு வா!"

"டேய், என்ட ஊடுதானே போன. ஊர் போகல்லயே" என்று நான் சிரித்தேன். பஸ்ஸும் வெளிக்கிட்டுவிட்டது.

பஸ் வெளிக்கிட முந்தி ஹாஜறா தன் உம்மாவோடு பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். ஜன்னலுக்குக் கீழே நின்று அவனிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னாள். "கேட்டா உள்ளதச் செல்லுங்க. நம்மட ஊட்ட மறைக்காதீங்க." அவன் தலையை ஆட்டினான். ஆட்டிய தலை மட்டக்களப்பு வரைக்கும் ஆடிக்கொண்டே இருந்தது.

மட்டக்களப்பில் றெயில், மாகோவில் இறங்கி வேறு றெயில், தலைமன்னாரில் கப்பல். வழி முழுக்க அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை. உம்மா கட்டித் தந்த சோற்றுப் பொதியை நான் அவிழ்த்தால், "நீ எப்படி மச்சான் திங்கிறாய்?" என்று என்னைப் பார்ப்பான். கப்பலில் ஏறியதும் என் கையிலிருந்த கடிதத்தைப் பார்ப்பான், கடலைப் பார்ப்பான், திரும்பக் கடிதத்தைப் பார்ப்பான். அவன் பார்க்கப் பார்க்க எனக்கும் தொற்றிக்கொண்டது. தனுஷ்கோடி மணல் கண்ணுக்குத் தெரிந்தபோது நானும் கடிதத்தை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே மேசை, அதே வாங்கு. வாங்கில் யாரும் இல்லை. மேசையில் இருந்த அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. ஒரு கையில் சீல், மறு கையில் மூக்குத் துடைக்கிற லேஞ்சி. அவர் தும்மும்போதெல்லாம் காலாவதி துள்ளினான்.

அவன் முறை முதலில் வந்தது. புருவத்தைத் தூக்கி வாயைப் பாதி திறந்து நின்றான். அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், தும்மினார், சீலைக் குத்தினார். அவ்வளவுதான். ஒரு கேள்வியும் இல்லை. காலாவதி குறுக்கே கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றான். அவ்வளவு நேரமும் மூச்சு விடவே இல்லை என்பது அவன் மூச்சு விட்டபோதுதான் தெரிந்தது.

பிறகு நான்.

"ஏம்ப்பா, பெர்மிட்ல ஒரு அட்ரஸ் இருக்கு, உங்கப்பா லெட்டர்ல வேற அட்ரஸ் இருக்கு. எது உங்க வீடு?"

"முந்தி அது சேர். இப்ப இது."

"வித்துட்டீங்களா?"

"இல்ல சேர். ராத்தா... அக்காவுக்குக் குடுத்திட்டம்."

"அப்போ அப்பா அம்மா?"

"எழும்பிப் போயிட்டாங்க."

"துரத்திட்டாளா?"

"இல்ல சேர்! அவங்கதான் குடுத்துட்டுப் போன."

"பெத்தவங்க வீட்டைப் பொண்ணுக்குக் குடுத்துட்டுத் தெருவுக்குப் போவாங்களா? யார்கிட்ட கதை விடறே? முதல்ல இந்த லெட்டர் எழுதினது உங்கப்பாதானா?"

எனக்கு வாய் வரவில்லை. கல்லூரி மேடையில் மணிக்கணக்காகப் பேசிக் கோப்பை வாங்கியவன் நான். அவர் என் கடதாசிகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். "அந்த பெஞ்ச்ல உக்காரு. இது சரியா வராது. கப்பல் திரும்பிப் போறப்போ ஏறிக்கோ."

போய் உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் வைத்தேன். எப்படி வைத்தேன் என்று எனக்கே தெரியாது, கோமாரிப் பையன் வைத்திருந்த மாதிரியே வைத்திருந்தேன். கடைசி வருடம். உம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. சென்னை றெயில் ஊதியது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் காலாவதி நின்றான். போடா, போய் ஏறு என்று கையைக் காட்டினேன்.

அவன் கயிற்றைத் தூக்கினான்.

"ஏய், உள்ளே போனவன் வெளியே வராதே!" என்று ஒரு கான்ஸ்டபிள் கத்தினார். காலாவதி அவரைப் பார்க்கவே இல்லை. நேராக மேசைக்கு வந்தான். இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் காக்கிச் சட்டைக்கு முன்னால் அவனுடைய புருவம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

"ஐயா, இவன் பொய் செல்லல்ல. எங்கட ஊரில ஆம்புளைக்கு ஊடு இல்ல ஐயா."

"என்னது?"

"ஊடு பொம்புளைக்கு. கலியாணம் முடிக்கும் வரைக்கும் உம்மாட ஊடு, முடிச்சா பொண்டாட்டிட ஊடு. இவன்ட ராத்தாக்குக் கலியாணம், அதுதான் ஊடு போயிட்டு. அவன்ட வாப்பா உள்ளபடி எழுதித் தந்திரிக்கார். பொய்க் கடதாசி என்ட கடதாசிதான் ஐயா."

நான் எழும்பினேன். "டேய், வாணாம்!"

"நானும் இந்த லீவில கலியாணம் முடிச்சிட்டன். என்ட கடதாசில அது இல்ல. அதில இரிக்கிற விலாசம் உம்மாட ஊடு. இவன அனுப்புறெண்டா என்னயும் அனுப்புங்க." சீல் குத்திய பாஸ்போட்டை மேசையில் வைத்தான்.

அதிகாரி லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார். "உனக்குத்தான் சீல் போட்டாச்சே. இப்போ ஏன் வந்து சொல்றே?"

"ஊட்ட மறைக்காதீங்கெண்டு அவ செல்லியிரிக்கா."

"எவ?"

"ஹாஜறா. என்ட பொண்டாட்டி."

"அப்போ உன் நிரந்தர அட்ரஸ் எது?"

"அவ இரிக்கிற ஊடு, ஐயா."

அதிகாரி பாஸ்போட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். திரும்பப் படத்தைப் பார்த்தார். "இது யாரு? இது நீ இல்லியே!"

அவ்வளவுதான், போய்விட்டிருந்த பயமெல்லாம் ஒரே ஓட்டமாகத் திரும்பி வந்தது. காலாவதியின் புருவம் இரண்டும் நெற்றி நடுவுக்குப் பாய்ந்தன, வாய் பாதி திறந்தது. அதிகாரி ஒரு நிமிடம் அப்படியே பார்த்தார். "ஆமாய்யா, நீதான்" என்றார். சிரிப்பும் தும்மலும் ஒன்றாக வந்து மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படியும் ஒரு ஊரா! ஆம்பளை எல்லாம் மாமியார் வீட்லயா? நல்லவேளை நான் இந்தப் பக்கம் பொறந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்கள் இருவர் கடதாசியிலும் மாறிய விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார். ஊரிலிருந்து இதற்கு அத்தாட்சி எடுத்து அனுப்பவேண்டும் என்றார். பிறகு எனக்கும் சீலைக் குத்தினார். "ஓடுங்க, ரயில் போயிடப் போவுது."

ஓடினோம். பெட்டிகளை உள்ளே எறிந்துவிட்டு ஏறினோம். இராமநாதபுரம் தாண்டும் வரைக்கும் அவனுடைய இரண்டு கையும் நடுங்கிக்கொண்டே இருந்தன. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், கோப்பையைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக் குடிக்கக் கொடுத்தேன்.

"எவ்வளவு பெரிய மடையன் மச்சான் நான்" என்றான். "சீல் குத்தினதுக்குப் புறகு போய்..."

"ஓம், மடையன்தான்" என்றேன். வேறு வார்த்தை வந்திருந்தால் அழுதிருப்பேன்.

மடையன் அன்று இரவே சென்னைக்குப் போகிற றெயிலில் இருந்து ஹாஜறாவுக்குக் கடிதம் எழுதினான். உறையின் பின்பக்கத்தில் அனுப்புகிறவரின் விலாசம் என்று அவளுடைய வீட்டையே எழுதியிருந்தான். தபால்காரர் அன்றைக்குக் குழம்பிப் போனதாக ஊரில் சொன்னார்கள்.

படிப்பு முடிந்து நாங்கள் கல்முனையில் பஸ்ஸால் இறங்கியபோது சாச்சப்பா காத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை கதைக்காமல் காலாவதியின் றங்குப்பெட்டியைத் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். ஊர் முழுக்கப் பார்த்தது. பிறகு காலாவதி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தான், பிள்ளைகள் பிறந்தார்கள், மகளுக்குக் கலியாணம் என்று வீட்டைக் கொடுத்துவிட்டு அவனும் ஹாஜறாவும் ஒருநாள் எழும்பிப் போனார்கள். எழும்பிய அன்றே பொலிஸில் போய் அறிவித்துவிட்டுத்தான் சோறு தின்றான்.

அவன் மௌத்தாகிக் கொஞ்ச காலம் ஆகிறது. போன மாதம் வெளிநாட்டில் இருக்கிற மகளைப் பார்க்க நானும் ஒரு விசாவுக்குப் போனேன். குளிரூட்டிய மண்டபம், மெத்தைக் கதிரை, மரியாதையாகப் பேசுகிற பிள்ளைகள். கடதாசியெல்லாம் சரியாகத்தான் இருந்தது. இருந்தும் என் பெயரைக் கூப்பிட்டபோது, காலாவதி பக்கத்தில் நின்று கொஞ்சம் நடுங்கமாட்டானா என்றிருந்தது எனக்கு.